கடல் கடந்து கேட்ட நியாயம்: லண்டனில் அமெரிக்கப் பெண்கள்

அமெரிக்கப் பெண்ணுரிமை இயக்கத்தின் வரலாற்றை யார் எழுதினாலும், 1848 ஜூலையில் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூரான செனெகா ஃபால்ஸில் கூடிய மாநாட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். ஆனால் அந்த மாநாட்டுக்கான வித்து எட்டு ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் விழுந்துவிட்டது.

1840 ஜூன் 12. கிரேட் குயின் தெருவிலுள்ள ஃப்ரீமேசன்ஸ் மண்டபத்தில் உலக அடிமை ஒழிப்பு மாநாடு ஆரம்பமானது. அமெரிக்கச் சங்கங்கள் அனுப்பிய பிரதிநிதிகளில் பெண்களும் இருந்தார்கள். அவர்களைப் பிரதிநிதிகளாக ஏற்கலாமா கூடாதா என்ற விவாதத்திலேயே முதல் நாள் கழிந்தது. பைபிளைக் காட்டிப் பேசினார்கள், ஆங்கிலேய வழக்கத்தைக் காட்டிப் பேசினார்கள். கடைசியில் பெரும்பான்மை வாக்கில் பெண்களை ஒதுக்கிவிட்டார்கள். மனிதரை மனிதர் விற்பது பாவம் என்று சொல்வதற்காகக் கூடிய அவை அது. பிலடெல்பியாவிலிருந்து வந்த குவேக்கர் போதகர் லுக்ரீஷியா மாட் அந்த அவையில் ஒரு தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்க்க முடிந்தது. அவர் அருகில் 24 வயதுப் பெண் ஒருவர் இருந்தார். புதிதாகக் கல்யாணமாகிக் கணவருடன் வந்திருந்த எலிசபெத் கேடி ஸ்டான்டன். ஊர் திரும்பியதும் பெண்களுக்கென்று ஒரு மாநாடு கூட்ட வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். செனெகா ஃபால்ஸ் மாநாட்டை முன்நின்று கூட்டியவர்களில் அந்த இருவரும் உண்டு.

மாநாட்டுக்குத் தாமதமாக வந்து சேர்ந்த வில்லியம் லாயிட் கேரிசன், பெண்களுக்கு இடமில்லாத அவையில் தானும் உட்கார மாட்டேன் என்று பார்வையாளர் பகுதிக்குப் போய்விட்டார். அவருடன் போனவர்களில் மசாசூசெட்ஸ் மாநிலத்து சேலம் நகரைச் சேர்ந்த கறுப்பினத்தவர் சார்ல்ஸ் லெனாக்ஸ் ரீமாண்டும் ஒருவர். இந்தக் குடும்பப் பெயரை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய தங்கை பிறகு வருவார்.

அந்த மாநாட்டை பெஞ்சமின் ஹேடன் வரைந்த பெரிய ஓவியம் தேசிய உருவப்பட அரங்கத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட முகங்கள். முன்பகுதியை ஆண்கள் நிறைத்திருக்கிறார்கள். லுக்ரீஷியா மாட்டின் முகத்தைப் பின்புறக் கூட்டத்துக்குள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அமெரிக்கப் பெண்கள் என்று சொன்னால் அது ஒரே கூட்டமல்ல. பூர்வகுடிப் பெண், அடிமையாக விற்கப்பட்ட ஆப்பிரிக்கப் பெண், சுதந்திரமாகப் பிறந்தும் நிறத்தால் ஒதுக்கப்பட்டவர், சீனக் குடும்பத்தில் பிறந்தவர், கரீபியத் தீவிலிருந்து குழந்தையாகப் போய்ச் சேர்ந்தவர், பணக்கார வெள்ளைக் குடும்பத்து மகள் என்று பலரும் அதில் அடக்கம். இவர்களுடைய வரலாற்றை அந்த நாட்டு எல்லைக்குள்ளேயே எழுதுவது வழக்கம். லண்டனில் நின்று பார்த்தால் அந்த வரலாற்றின் வேறொரு பக்கம் தெரிகிறது. சொந்த நாட்டில் கிடைக்காத ஒன்றைத் தேடித்தான் இவர்களில் பலர் இங்கே வந்தார்கள். ஒருவருக்கு அச்சகம், ஒருவருக்கு மேடை, ஒருவருக்குக் கல்லூரி, ஒருவருக்கு ஒண்ட ஓரிடம். லண்டன் கொடுத்தது. ஆனால் அடுத்த வீட்டு அநியாயத்தைக் காது கொடுத்துக் கேட்ட அளவுக்குத் தன் வீட்டு அநியாயத்தை இந்த நகரம் கேட்கவில்லை. இந்தப் பெண்களின் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான்.

முதலில் வந்தவருக்கு வருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நிலைமையே இருந்ததாகத் தெரியவில்லை. 1616இல் வர்ஜீனியா கம்பெனி பூர்வகுடிப் பெண் போகஹொன்டஸை லண்டனுக்கு அழைத்து வந்தது குடியேற்றத்துக்கு முதலீடு திரட்ட. லட்கேட் ஹில் சத்திரத்தில் தங்கவைத்தார்கள், அரண்மனை விருந்தில் காட்டினார்கள், ஆங்கிலச் சீமாட்டி உடையில் செதுக்கோவியம் செய்தார்கள். அவர் உயிரோடிருந்தபோது வரையப்பட்ட ஒரே உருவம் அதுதான். ஊர் திரும்பும் வழியில், 1617 மார்ச்சில், தேம்ஸ் கரையிலுள்ள கிரேவ்சென்டில் இறந்துபோனார். அவர் சொன்னதாக நமக்குக் கிடைப்பதெல்லாம் ஆங்கிலேய ஆண்கள் எழுதிவைத்ததுதான்.

அடுத்த நூற்றாண்டில் வந்தவர் தன் எழுத்தோடு வந்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, ஏழெட்டு வயதில் 1761இல் பாஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்ட சிறுமி அவர். ஏற்றிவந்த கப்பலின் பெயர் ஃபிலிஸ். அதையே அவருக்குப் பெயராக வைத்து, வாங்கிய குடும்பத்தின் பெயரையும் சேர்த்து ஃபிலிஸ் வீட்லி ஆக்கினார்கள். பதின்ம வயதிலேயே கவிதை எழுதினார். 1772இல் பாஸ்டனில் தொகுப்பு வெளியிட முன்பதிவு கேட்டபோது போதிய ஆள் சேரவில்லை. ஓர் அடிமைப் பெண் இதை எழுதியிருக்க முடியுமா என்பதுதான் ஊரின் சந்தேகம். மாகாண ஆளுநர் உட்பட பாஸ்டன் பிரமுகர்கள் 18 பேர், இது இவள் எழுதியதுதான் என்று கையெழுத்திட்டுச் சான்று கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு கவிஞருக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேறென்ன?

1773 செப்டம்பரில் லண்டன் ஆல்ட்கேட்டைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் பெல் என்ற புத்தக வியாபாரி அந்தத் தொகுப்பை வெளியிட்டார். ஆங்கிலத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணின் முதல் கவிதைப் புத்தகம் அது. அந்தக் கோடையில் சுமார் ஆறு வாரம் வீட்லி லண்டனில் தங்கினார். லண்டன் கோபுரத்தைச் சுற்றிக் காட்டியவர் கிரான்வில் ஷார்ப். முந்தைய ஆண்டுதான் ஜேம்ஸ் சாமர்செட் என்ற அடிமையின் வழக்கில், இங்கிலாந்து மண்ணிலிருந்து ஓர் அடிமையைப் பலவந்தமாக வெளியேற்ற முடியாது என்ற தீர்ப்பு வந்திருந்தது. அந்த வழக்கின் பின்னால் நின்றவர் இதே ஷார்ப். அவருடன் நடந்த 20 வயது அடிமைப் பெண்ணுக்கு, திரும்பிப் போகாமல் இங்கேயே இருந்துவிடலாம் என்பது தெரியாமல் இருந்திருக்குமா? இருந்தும் போனார். போன சில வாரங்களில் விடுதலை பெற்றார். இங்கிலாந்து நண்பர்களின் விருப்பத்தின் பேரில் எசமான் விடுவித்ததாக அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். தன் விடுதலைக்கு அவர் லண்டனில் வைத்தே பேரம் பேசியிருப்பார் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். அதை நானும் நம்புகிறேன். அதற்குப் பிறகு இரண்டாவது தொகுப்புக்குப் பதிப்பாளர் கிடைக்கவில்லை. 1784இல் வறுமையில் இறந்தார், கையெழுத்துப் பிரதி தொலைந்துபோனது. முதல் புத்தகத்தின் அமெரிக்கப் பதிப்பு வந்தது அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

எல்லன் கிராஃப்ட் தப்பி வந்தவர். ஜார்ஜியாவில் அடிமைத் தாய்க்கும் வெள்ளை எசமானுக்கும் பிறந்ததால் வெளுத்த நிறம். 1848 டிசம்பரில் அவரும் கணவர் வில்லியமும் போட்ட திட்டத்தை இன்று படித்தாலும் நெஞ்சு படபடக்கும். எல்லன் முடியை வெட்டி, கால்சட்டை போட்டு, பச்சைக் கண்ணாடி மாட்டி, நோயாளியான வெள்ளைப் பண்ணையார் ஆனார். வில்லியம் அவருடைய அடிமை வேலைக்காரன். எல்லனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விடுதியிலோ படகிலோ கையெழுத்துக் கேட்டால் மாட்டிக்கொள்ள நேரும். அதற்காக வலது கையைத் தூளியில் கட்டிக்கொண்டார். தாடி மீசை இல்லாததை மறைக்கத் தாடையைச் சுற்றிக் கட்டு. ரயிலிலும் கப்பலிலும் முதல் வகுப்பில் பயணம் செய்து கிறிஸ்துமஸ் அன்று பிலடெல்பியா போய்ச் சேர்ந்தார்கள். 1850இல் தப்பிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் கடுமையானதும் பாஸ்டனுக்கே ஆள்பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள். அந்த ஆண்டின் முடிவில் இருவரும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள்.

1851 ஜூனில் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சியில், அமெரிக்கப் பகுதியில் ஹைரம் பவர்ஸ் செதுக்கிய கிரேக்க அடிமைப் பெண்ணின் பளிங்குச் சிலையைச் சுற்றி எப்போதும் கூட்டம். துருக்கியர் சந்தையில் விலங்கிடப்பட்டு நிற்கும் வெள்ளைப் பெண்ணுக்காக உச்சுக் கொட்டினார்கள். அந்த அரங்கில் எல்லனும் வில்லியமும், அவர்களைப் போலவே அடிமை வாழ்விலிருந்து தப்பிவந்த வில்லியம் வெல்ஸ் பிரவுனும் வெள்ளை நண்பர்களோடு கைகோத்து நடந்தார்கள். பஞ்ச் பத்திரிகையில் வந்த வர்ஜீனிய அடிமைப் பெண்ணின் கேலிச்சித்திரத்தைச் சிலைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அங்கிருந்த அமெரிக்கர்கள் வாய் திறக்கவில்லை. கல்லில் செதுக்கிய அடிமைக்கு அழுகிறவர்கள் முன்னால் ரத்தமும் சதையுமாக ஒரு பெண் போய் நின்ற அந்த நாள், எந்தப் பேச்சையும்விட வலுவானது.

பிறகு ஹாமர்ஸ்மித்தில் கேம்பிரிட்ஜ் குரோவ் தெருவில் குடியிருந்தார்கள். எல்லன் எழுதப் படிக்கக் கற்றார், ஐந்து பிள்ளைகளைப் பெற்றார். எல்லன் மறுபடி அடிமை வாழ்வுக்கே ஏங்குகிறார் என்று அமெரிக்காவில் யாரோ வதந்தி கிளப்பியபோது, பட்டினி கிடந்தாலும் சுதந்திரமாகக் கிடப்பேன் என்ற பொருளில் பத்திரிகைக்கு மறுப்பு எழுதினார். அவர் பெயரில் நமக்குக் கிடைப்பது இப்படிச் சில வரிகள்தான். 1860இல் லண்டனில் வெளிவந்த தப்பித்த கதையின் புத்தகம் வில்லியமின் குரலில் நடக்கிறது. வேடம் போட்டவர் எல்லன், உயிரைப் பணயம் வைத்தவர் எல்லன், சொன்னவர் கணவர். இன்று அந்த ஹாமர்ஸ்மித் வீட்டில் நீல நினைவுப் பலகை இருக்கிறது, அதில் இருவர் பெயரும் இருக்கிறது.

இப்போது ரீமாண்டின் தங்கை. சேரா பார்க்கர் ரீமாண்ட் அடிமையாகப் பிறந்தவரல்லர். சேலத்தில் வசதியான கறுப்பினக் குடும்பம். 1853இல் பாஸ்டன் நாடக அரங்கில் டிக்கெட் வாங்கியும் கறுப்பினத்தவர் பகுதிக்குப் போகச் சொன்னார்கள், மறுத்தார், படியில் தள்ளினார்கள், வழக்குப் போட்டு 500 டாலர் இழப்பீடு வாங்கினார். 1859 ஜனவரியில் லிவர்பூல் வந்திறங்கி, இரண்டு ஆண்டுகளில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து முழுக்கச் சொற்பொழிவாற்றினார். மான்செஸ்டரில் பருத்தி ஆலைக்காரர்கள் முன்னால் அவர் பேசியது நேரடியான பேச்சு. நீங்கள் நெய்யும் பருத்திக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு காசுகூட அதை விளைவித்தவர் கைக்குப் போகவில்லை என்றார். அடிமைப் பெண்களின் உடலுக்கு நேர்வதை, ஆங்கிலேயச் சீமாட்டிகள் கேட்கக் கூசுவதை, மேடையில் சொன்னார்.

அதே ஆண்டில் பிரான்சு போக விரும்பி, லண்டனிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் கடவுச்சீட்டைக் கொடுத்து விசா கையொப்பம் கேட்டார். கையில் முறையான அமெரிக்கக் கடவுச்சீட்டு இருந்தது. தூதரகம் மறுத்தது. நீ கறுப்பினத்தவள், ஆகவே அமெரிக்கக் குடிமகள் அல்ல என்பதுதான் காரணம். 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தூதரக அதிகாரிகள் லண்டன் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ரீமாண்ட் சும்மா இருக்கவில்லை. கடிதப் போக்குவரத்தை அப்படியே பத்திரிகைகளுக்குக் கொடுத்தார், நகரமே அமெரிக்காவைக் கண்டித்தது. 1865இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார். பிளூம்ஸ்பரியில் பெட்ஃபோர்ட் கல்லூரியில் படித்தார். 1866 ஜூனில் ஜான் ஸ்டூவர்ட் மில் நாடாளுமன்றத்தில் சமர்ப்பித்த பெண்கள் வாக்குரிமை மனுவில் சுமார் 1,500 கையெழுத்துகள் உண்டு. அவற்றில் ஒரு கறுப்பினப் பெண்ணுடையது என்று அறியப்படும் ஒரே கையெழுத்து இவருடையது.

இதுவரை சொன்னதில் லண்டன் அவருக்கு நல்ல நகரம். ஆனால் 1865 அக்டோபரில் ஜமைக்காவின் மொரான்ட் பேயில் கிளர்ச்சி நடந்தது. பிரிட்டிஷ் ஆளுநர் எட்வர்ட் அயர் இராணுவச் சட்டம் போட்டு 400க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களைக் கொன்றார். அதுவரை அமெரிக்க அடிமை முறையைத் திட்டிய லண்டன் பத்திரிகைகள் பலவும் கறுப்பினத்தவரையே இழித்து எழுதத் தொடங்கின. ரீமாண்ட் டெய்லி நியூஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி இந்த மாற்றத்தைச் சுட்டினார். அடுத்த ஆண்டு ஃபிளாரன்ஸ் போய் மருத்துவம் படித்தார், இத்தாலியிலேயே இறந்தார். கொடுமை அமெரிக்காவினுடையதாக இருந்தவரை கைதட்டிய நகரம், பிரிட்டிஷ் ஆளுநர் செய்த கொலையின்போது முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவர் கண்ணால் பார்த்தார்.

லண்டனின் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். 1833இல் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தபோது பிரிட்டன் 2 கோடி பவுண்ட் இழப்பீடு ஒதுக்கியது. கொடுத்தது அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் அந்த இழப்பீட்டுப் பதிவேடுகளைத் தொகுத்தபோது, உரிமை கோரியவர்களில் பத்தில் நான்கு பேர் பெண்கள் என்று தெரிந்தது. அடிமைக்காக மனு எழுதிய பெண்ணும் அடிமைக்காகக் காசு வாங்கிய பெண்ணும் ஒரே நகரத்தில் இருந்தார்கள். ரீமாண்டின் கூட்டங்களுக்குக் கூட்டம் சேர்ந்த அதே காலத்தில், ஆங்கிலேயக் குடும்பங்கள் இந்தியாவிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அழைத்துவந்த ஆயாக்களைக் கப்பல் கரை சேர்ந்ததும் கைவிட்டுப் போவது சகஜமாக இருந்தது. அவர்களுக்கென்று ஆல்ட்கேட்டில் இருந்த விடுதி 1900இல் ஹாக்னிக்கு மாறியது. ஆண்டுக்குச் சுமார் 100 பேர் அங்கே தங்கினார்கள். கப்பல் பட்டியல்களில் பலருக்குப் பெயர்கூட இல்லை, எசமானியின் பெயரும் பக்கத்தில் ஆயா என்ற சொல்லும்தான். ரீமாண்டுக்காகக் கோபப்பட்டதுபோல் இவர்களுக்காக நகரம் எழுந்து நிற்கவில்லை.

ஐடா பி. வெல்ஸ் லண்டனைப் பயன்படுத்தியதைப் போல யாரும் பயன்படுத்தவில்லை. அடிமையாகப் பிறந்தவர், ஆசிரியை, பிறகு மெம்ஃபிஸில் பத்திரிகை ஆசிரியர். 1892 மார்ச்சில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸும் வேறு இருவரும் வெள்ளைக் கும்பலால் கொல்லப்பட்டார்கள். அவர்கள் செய்த குற்றம், வெள்ளைக்காரர் கடைக்குப் போட்டியாக நன்றாக நடந்த மளிகைக் கடை. கும்பல் கொலைகளுக்குச் சொல்லப்படும் பாலியல் குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் பொய் என்று வெல்ஸ் எழுதினார், அவருடைய அச்சகத்தை உடைத்துவிட்டார்கள். அமெரிக்க வெள்ளைப் பத்திரிகைகள் அவர் சொன்னதைப் பொருட்படுத்தவில்லை. 1893இலும் 1894இலும் இங்கிலாந்து வந்தார். முதலில் அழைத்தவர்களில் ஒருவர் சாமர்செட்டைச் சேர்ந்த கேத்தரின் இம்பி. 1888 முதல் சாதி எதிர்ப்பு என்று பொருள்படும் பெயரில் பத்திரிகை நடத்திய குவேக்கர் பெண்.

வெல்ஸின் கணக்கு நுட்பமானது. அமெரிக்கத் தெற்கு பயப்படுவது இரண்டுக்குத்தான்: லண்டனின் மதிப்பு, லங்காஷயரின் பருத்தி வியாபாரம். 1894இல் தேவாலயங்களிலும் கழகங்களிலும் வீட்டு வரவேற்பறைகளிலும் நூற்றுக்கும் மேற்பட்ட முறை பேசினார். சிகாகோவின் இன்டர் ஓஷன் நாளிதழுக்கு இங்கிருந்து கட்டுரைகள் அனுப்பினார். நாடாளுமன்ற உறுப்பினர்களும் பிரபுக்களும் சேர்ந்து லண்டனில் கும்பல் கொலை எதிர்ப்புக் குழு அமைத்தார்கள். மெம்ஃபிஸில் கேட்காத குரலை லண்டன் வழியாகச் சுற்றிவிட்டு மெம்ஃபிஸ் காதில் விழவைத்தார்.

லண்டனில் அவருக்கு எதிர்ப்பும் இருந்தது, அதுவும் ஒரு பெண்ணிடமிருந்து. மதுவிலக்கு இயக்கத்தின் உலகப் புகழ்பெற்ற தலைவி ஃபிரான்சிஸ் வில்லார்ட், சீமாட்டி ஹென்றி சாமர்செட்டின் விருந்தாளியாக இங்கிலாந்தில் இருந்தார். தெற்கின் கறுப்பின ஆண்களை இழிவுபடுத்தி வில்லார்ட் 1890இல் கொடுத்த பேட்டியை வெல்ஸ் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் மறுபடி அச்சிடச் செய்தார். வில்லார்டின் நண்பர்கள் வெல்ஸின் பேரைக் கெடுக்கப் பார்த்தார்கள். பெண் என்பதாலேயே பெண்ணுக்குத் துணை கிடைத்துவிடாது என்று அந்த மோதல் காட்டியது. செனெகா ஃபால்ஸுக்கு ஒரு கறுப்பினப் பெண்ணாவது வந்ததற்கு ஆதாரமில்லை. கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்த அரசியலமைப்புத் திருத்தத்தை 1869இல் எதிர்த்தவர், லண்டனில் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்த அதே ஸ்டான்டன்.

1909இல் லண்டன் கேனன் ரோ காவல் நிலையத்தில் கைதாகி இருந்தபோது இரு அமெரிக்கப் பெண்கள் சந்தித்தார்கள். குவேக்கர் குடும்பத்து ஆலிஸ் பால், ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்து லூசி பர்ன்ஸ். இங்கே வாக்குரிமைப் போராட்டத்தில் கற்ற உண்ணாவிரதத்தையும் ஊர்வலத்தையும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். 1913 மார்ச்சில் வாஷிங்டனில் அவர்கள் நடத்திய பெரும் ஊர்வலத்தில் கறுப்பினப் பெண்களைக் கடைசியில் வரச் சொன்னார்கள். ஐடா வெல்ஸ் மறுத்துவிட்டார். ஊர்வலம் நகரத் தொடங்கியபின் கூட்டத்திலிருந்து வெளிப்பட்டு, தன் இல்லினாய் மாநில அணியோடு நடந்தார்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முதலில் அமர்ந்த பெண்ணும் அமெரிக்காவில் பிறந்தவர்தான்: வர்ஜீனியாவைச் சேர்ந்த நான்சி ஆஸ்டர், 1919 டிசம்பர். அவருக்குப் பணமும் பட்டமும் வழிவிட்டன. அவரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

இரு போர்களுக்கு நடுவே வந்தவர்களைக் கலைதான் அழைத்து வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த அன்னா மே வாங் அமெரிக்கக் குடிமகள். ஆனாலும் சீனர் விலக்குச் சட்டத்தால் நாட்டைவிட்டுப் போகும்போதெல்லாம் திரும்பி வர அனுமதிப் படிவம் நிரப்ப வேண்டும். ஹாலிவுட் அவருக்குக் கொடுத்ததெல்லாம் அடிமைப் பெண், வஞ்சகி. இங்கே எடுத்து 1929இல் வெளிவந்த பிக்காடில்லி படத்தில் முக்கிய வேடம் கிடைத்தது. அதிலும் கதை முடிவதற்குள் அவரைக் கொன்றுவிட்டார்கள். மேடையேறியபோது அவருடைய அமெரிக்க உச்சரிப்பை விமர்சகர்கள் பரிகசித்தார்கள். முகம் சீனம், பேச்சு கலிபோர்னியா என்பதை அவர்களால் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. நியூயார்க்கில் பிறந்த பாடகி எலிசபெத் வெல்ச் 1933இல் வந்து 2003இல் இறக்கும்வரை லண்டன்வாசியாக இருந்தார். எஸ்லாண்டா ரோப்சன் பாடகர் பால் ரோப்சனின் மனைவி என்றே அறியப்படுகிறார். அவர் வேதியியல் படித்தவர். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் மானிடவியல் பயின்றார், ஆப்பிரிக்காவைச் சுற்றிப் புத்தகம் எழுதினார், நேரு குடும்பத்துக்கு நெருங்கிய தோழியாக இருந்தார். பிளூம்ஸ்பரியில் நீலப் பலகையும் சிலையும் உள்ள போர்க்கால உளவாளி நூர் இனாயத் கானைத் திப்பு சுல்தான் வம்சம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அவருடைய தாய் ஓரா ரே பேக்கர் அமெரிக்கர் என்பதை யாரும் சொல்வதில்லை.

இனி கிளாடியா ஜோன்ஸ். இவரை அமெரிக்கப் பெண் என்று சொல்லலாமா என்றே கேட்கலாம். 1915இல் டிரினிடாடில் பிறந்து, எட்டு வயதில் நியூயார்க் போய், ஹார்லெமின் வறுமையில் வளர்ந்தவர். தாய் சீக்கிரமே இறந்தார், கிளாடியாவைக் காசநோய் பிடித்தது. குடியுரிமை கேட்டார், கொடுக்கவில்லை. கம்யூனிஸ்ட் கட்சியில் முன்னணிக்கு வந்தார். கறுப்பினப் பெண் தொழிலாளியாக, கறுப்பினத்தவளாக, பெண்ணாக மூன்று பக்கமும் நசுக்கப்படுகிறாள், அவளை மறந்துவிட்டுச் செய்யும் எந்தப் போராட்டமும் பாதியில் நின்றுவிடும் என்று 1949இல் எழுதினார். இன்று பல்கலைக்கழகங்களில் பெரிய பெயரோடு கற்பிக்கப்படும் கருத்து அது. பலமுறை கைது, 1955இல் சிறை, டிசம்பரில் நாடு கடத்தல். டிரினிடாட் ஏற்க மறுத்தது. பிரிட்டிஷ் குடியேற்றத்தில் பிறந்த உரிமையில் லண்டனுக்கு அனுப்பினார்கள்.

அவருக்கு முன்பு வந்தவர்கள் அமெரிக்காவின் குற்றத்தைச் சொல்ல வந்தார்கள். கிளாடியா இங்கே இறங்கியதும் லண்டனின் குற்றத்தைச் சொன்னார். வாடகைக்கு வீடு தேடும் கறுப்பினத்தவர் முகத்தில் கதவு சாத்தப்பட்ட காலம் அது. 1958 மார்ச்சில், பிரிக்ஸ்டன் சாலையில் ஓர் இசைத்தட்டுக் கடையின் மேல்மாடியில், வெஸ்ட் இண்டியன் கெசட் பத்திரிகையை ஆரம்பித்தார். பணம் எப்போதும் இல்லை, ஆசிரியரின் உடல்நிலையும் சரியில்லை. அந்த ஆகஸ்டில் நாட்டிங் ஹில்லில் வெள்ளை இளைஞர் கும்பல்கள் கறுப்பினத்தவரை வீடு வீடாகத் தாக்கின. அதற்குப் பதிலாகக் கிளாடியா செய்தது பலரும் எதிர்பார்க்காத காரியம். 1959 ஜனவரி 30 அன்று, கடுங்குளிரில், செயின்ட் பாங்க்ராஸ் நகர மண்டபத்துக்குள் ஒரு கரீபியத் திருவிழா நடத்தினார். ஸ்டீல் பேண்ட், கலிப்சோ, நடனம், அழகுப் போட்டி. பிபிசி ஒளிபரப்பியது. கலவரத்தில் கைதான இளைஞர்களின் அபராதத்துக்கு உதவவும் வருமானத்தில் ஒரு பகுதி போனது. இன்று ஆகஸ்டு மாதம் லட்சக்கணக்கானோர் கூடும் நாட்டிங் ஹில் கார்னிவலுக்கு மூதாதை அதுதான்.

1962 காமன்வெல்த் குடியேற்றச் சட்டத்தை அவர் எதிர்த்து நின்றார். காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள் சுதந்திரமாக வந்துபோகும் வழியை அடைத்த சட்டம் அது, இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த நம்மவர்க்கும் சேர்த்து. 1963 ஆகஸ்டில் வாஷிங்டன் பேரணி நடந்த மூன்றாம் நாள், அதற்கு ஆதரவாக லண்டன் அமெரிக்கத் தூதரகத்துக்கு ஊர்வலம் நடத்தினார். 1964 கிறிஸ்துமஸ் சமயத்தில், 49 வயதில், தனியாகத் தூக்கத்திலேயே இறந்தார். பிரிட்டனின் முதல் இன உறவுச் சட்டம் வந்தது அடுத்த ஆண்டு. ஹைகேட் இடுகாட்டில் கார்ல் மார்க்சின் இடப்பக்கம் புதைத்தார்கள். பெயர் பொறித்த கல் வைக்க இருபது ஆண்டுகள் ஆயின. சட்டம் வந்ததாலேயே லண்டன் திருந்திவிடவில்லை. 1979 ஜனவரியில், மணம் முடிக்க வந்த ஓர் இந்தியப் பெண்ணுக்கு ஹீத்ரோ விமான நிலையத்தில் கன்னித்தன்மைச் சோதனை செய்தார்கள். அதை எதிர்த்து விமான நிலையத்தில் போராடியது ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் சேர்ந்து நடத்திய அமைப்பு.

இவர்களில் யார் நமக்குத் தெரிகிறார்கள், யார் தெரியவில்லை என்பதைத் தீர்மானித்தது பெருமளவுக்குக் காகிதம்தான். வீட்லியின் முதல் புத்தகம் லண்டனில் அச்சானதால் பிழைத்தது, இரண்டாவது அச்சாகாததால் அழிந்தது. ரீமாண்டின் பேச்சுகளைப் பத்திரிகைகள் பதிவு செய்ததால்தான் இன்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இனவெறி பற்றிய ஆய்வு மையம் அவர் பெயரில் இருக்கிறது. ஐடா வெல்ஸ் 1931இல் இறந்தபோது சுயசரிதை முடியாமல் கிடந்தது. மகள் ஆல்ஃபிரெடா டஸ்டர் அதைக் காத்துத் தொகுத்து 1970இல் வெளியிட்டார். கிளாடியாவின் கடிதங்களும் குறிப்புகளும் அவருடைய துணைவரான இந்தியர் அபிமன்யு மன்சந்தாவிடம் தங்கி, கடைசியில் ஹார்லெமின் ஷோம்பர்க் மையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஹாக்னி விடுதியின் ஆயாக்களிடமிருந்து அப்படி எதுவும் மிஞ்சவில்லை. அந்த வீட்டுக்கு 2022இல் நீலப் பலகை வைத்தபோது, அதில் எழுத ஒரு தனிப்பட்டவரின் பெயர் இல்லை.

அமெரிக்கப் பெண்கள் வரலாற்றில் இப்போது தமிழ்ப் பெண்களும் உண்டு. சென்னையில் பிறந்து 1958இல் 19 வயதில் தனியாக பெர்க்லி போய்ப் புற்றுநோய் ஆய்வாளரான சியாமளா கோபாலனை உலகம் அறிந்தது மகள் கமலா ஹாரிஸ் எழுதியதாலும் பேசியதாலும்தான். லண்டனில் நம் தாய்மார்களைப் பற்றி யார் எழுதியிருக்கிறோம்? ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் 1980களில் பிள்ளைகளோடு வந்து இறங்கி, உள்துறை அலுவலகக் கடிதத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, இரவு வேலை பார்த்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளை நடத்திய பெண்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தொடுகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேச்சைப் பதிவு செய்யுங்கள். பழைய கடிதம், சம்பளச் சீட்டு, பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழ், ஊர்வலத் துண்டறிக்கை எதையும் தூக்கிப் போடாதீர்கள். படங்களுக்குப் பின்னால் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதிவையுங்கள். பிஷப்ஸ்கேட் நிறுவனமும் பிரிக்ஸ்டனின் கறுப்பினப் பண்பாட்டு ஆவணக் காப்பகமும் இத்தகைய வரலாற்றைக் காப்பதற்கென்றே இருப்பவை. உங்கள் பரோவின் ஆவணக் காப்பகத்தை இந்த மாதமே தொடர்புகொள்ளுங்கள்.